சத்து மாத்திரை

என் கணவருக்கு ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்லும் வேலை. எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது, எது தாமதம், எது ரத்து என்று அவர் வாயைத் திறந்தால் ஆயிரம் தலைகள் நிமிரும். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு மருந்துக்கடையில் நின்று ஒரே ஒரு வார்த்தை சொல்ல நாக்கு எழவில்லை. அதனால் வந்த வினையை அன்று காலை நான் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அது ஒரு தகர டப்பா. அதன் மேல் அப்பா, அம்மா, பையன், பெண் என்று நான்கு பேர் அத்தனை பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கீழே கொட்டை எழுத்தில், 'குடும்பம் முழுவதற்கும் சத்து மாத்திரை.'

"இது என்ன?" என்று கேட்டேன்.

அவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். வாய் நிறைய நுரையோடு திரும்பினார். "நீ கேட்டதுதான்."

"நான் கேட்டது இதுவா?"

"கடையில சத்து மாத்திரைன்னு கேட்டேன். காகிதத்துல சுத்திக் குடுத்தாங்க."

"சத்து மாத்திரைன்னு கேட்டா வேற எதைக் குடுப்பாங்க? ஆட்டுக்குட்டியா குடுப்பாங்க?"

"பின்னாடி எங்க ஆபீஸ் ஆளுங்க நின்னாங்க. கல்லாவுல ஒரு பொண்ணு வேற. வீட்டுல சொல்ற பேரே வாயில வந்துடுச்சு."

இதெல்லாம் கிசுகிசுப்பாக. எங்கள் வீட்டில் சண்டைகூடக் குரலடக்கித்தான் நடக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் மாமியார் இருக்கிறார். எனக்குக் கோபம் ஏறினால் முதலில் பறந்துபோவது மரியாதை. 'நீங்க' என்பது 'நீ' ஆகிவிடும்.

"நேத்து ராத்திரி என்ன சொன்னே? 'வாங்கியாச்சு, பையில இருக்கு'ன்னு சொன்னியா இல்லையா?"

அவர் குழாயைத் திறந்துவிட்டுக் கொப்பளித்தார், கொப்பளித்துக்கொண்டே இருந்தார். அந்த வார்த்தையை நம்பித்தான் முந்தின இரவு அவர் பக்கத்தில் படுத்தேன். காலையில் காபியோடு வழக்கம்போல் ஒன்றைப் போட்டுக்கொண்டால் ஆயிற்று என்று இருந்தேன். இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

நான் கேட்டது கருத்தடை மாத்திரை. அதற்குச் சத்து மாத்திரை என்று பெயர் வைத்த பெருமை முழுக்க என் கணவரையே சேரும். மகள் பிறந்த மறு வருடம், சாப்பாட்டு மேசையில் நான் மறந்து வைத்த அட்டையை மாமியார் தூக்கிப் பார்த்து, "இது என்ன மாத்திரைம்மா?" என்றார். நான் உள்ளதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் இவர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "சத்து மாத்திரைம்மா, அவளுக்கு உடம்பு தெம்பா இல்ல" என்று அறிவித்துவிட்டார். அன்றிலிருந்து இந்த வீட்டில் அதற்கு அதுதான் பெயர். நானும் பேசாமல் விட்டேன். ஒவ்வொரு நாளும் விளக்கம் சொல்லி மாரடிக்க யாரால் முடியும்?

பிரச்சினை எங்கே வந்தது என்றால், என் மாமியார் நல்லவர். நிஜமாகவே நல்லவர். தன் மகளுக்குக் குழந்தை உண்டாகவில்லையே என்று மருகிக்கொண்டிருந்தவருக்கு, மருமகள் தினமும் தெம்பு மாத்திரை போட்டுக் கல்லுக்குண்டு மாதிரி பேருந்து ஓட்டுவது கண்ணில் பட்டிருக்கிறது. அலமாரியிலிருந்த என் அட்டைகளை எடுத்து மகளிடம் கொடுத்துவிட்டார். ஓர் அட்டை தீர்ந்ததும் விட வேண்டிய ஒரு வார இடைவெளி முடிந்து நான் புது அட்டையைத் தேடினால் பெட்டி காலி.

"பாப்பாவுக்குக் குடுத்தேம்மா" என்றார் சாதாரணமாக. "முன்னாடி ஒண்ணு ரெண்டு குடுத்தேன். ரொம்ப நல்லா இருக்கு, இன்னும் குடுன்னு கேட்டா. நீ வேற வாங்கிக்கோயேன்."

பாப்பா என்பது என் நாத்தனார். கல்யாணமாகிப் போன பிறகும் வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். புகுந்த வீட்டில் 'எப்போ, எப்போ' என்று அவள் உயிரை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவளுக்குத்தான் இந்த மாத்திரை போயிருக்கிறது.

எனக்குக் காலை டூட்டி. கடைகள் திறக்கும் முன் வண்டியை எடுத்தால், இறங்குவதற்குள் இருட்டிவிடும். தெருமுனை மருந்துக்கடைக்காரர் மாமியாருக்கு ஒன்றுவிட்ட தம்பி. அங்கே ஒரு தும்மலுக்கு மருந்து வாங்கினாலும் நான் வீடு சேருமுன் சேதி சேர்ந்துவிடும். அதனால்தான் ரயில் நிலையக் கடையில் வாங்கிவரச் சொல்லி இவரிடம் விட்டேன். முதல் நாள் மறந்துவிட்டேன் என்றார். மறுநாள் கூட்டம் என்றார். அதற்கடுத்த நாள்தான் இந்தச் சிரிக்கிற குடும்பம்.

டிப்போவில் எனக்கு 'ஹாரன்' என்று பட்டப்பெயர். வண்டியில் ஹாரன் அடிக்கவே மாட்டேன், வாயாலேயே அடித்துவிடுவேன் என்பார்கள். அன்றைக்கு முதல் டிரிப் முடிவதற்குள் என் வண்டிக் கண்டக்டர் அக்கா, "கியர் போடறதைப் பாத்தாலே தெரியுது, வீட்டுல யாரையோ கடிச்சுட்டு வந்திருக்கே" என்றார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "சாப்பாட்டு இடைவேளையில ஆஸ்பத்திரிக்கு ஓடு. வண்டி கிளம்பற நேரம் ஆனா நான் எதையாவது சொல்லிச் சமாளிக்கறேன்" என்றார்.

எனக்கு என்ன பயம் என்று அவருக்குத் தெரியும். மகள் வயிற்றில் இருப்பது தெரிந்த அன்றே என்னிடமிருந்து ஸ்டீயரிங்கைப் பிடுங்கி, பாஸ் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். எல்லாம் உன் நல்லதுக்குத்தான் என்றார்கள். பெற்று, வளர்த்து, திரும்பி வந்து கேட்டால் 'பார்க்கலாம்'. மேலாளர் அறை வாசலில் நின்று நின்று, மகள் ஓடி விளையாடும் வயதில்தான் எனக்கு வண்டி கிடைத்தது. இன்னொன்று உண்டானால் மறுபடி அந்த ஜன்னல்தான்.

வேலையைக்கூட விடுங்கள். எனக்கு இன்னொரு குழந்தை வேண்டாம். அவ்வளவுதான் காரணம். ஒரு பெண் வேண்டாம் என்றால், அதற்குச் சாட்சியாக ஒரு நோயையோ டாக்டர் சீட்டையோ கொண்டுவந்து நிறுத்தச் சொல்கிறார்கள். எனக்கு எரிச்சல் வருவது இதில்தான்.

டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நிமிர்ந்தார். "அட்டை நடுவுல ஒண்ணு மறந்துட்டா, ஞாபகம் வந்ததும் போட்டுட்டு மேல தொடரலாம், பெரும்பாலும் பயமில்ல. ஒரு வாரம் விட்டதுக்கு அப்புறம் புது அட்டையை ஆரம்பிக்கறது தள்ளிப்போச்சுன்னா அதுதான் மோசம். அந்த இடைவெளி நீளக் கூடாது. ஏன் ஆரம்பிக்கல?"

"மாத்திரையை மாமியார் எடுத்து நாத்தனாருக்குக் குடுத்துட்டாங்க."

"அவங்களுக்குக் குழந்தை இருக்கா?"

"இல்ல. குழந்தை வரணும்னுதான் குடுத்தாங்க."

டாக்டரம்மாவின் பேனா நின்றுவிட்டது. "அவங்ககிட்ட முதல்ல சொல்லுங்க" என்றார். பிறகு அவசர மாத்திரை ஒன்றைக் கொடுத்து, அங்கேயே விழுங்கச் சொன்னார். "இதுவும் நூத்துக்கு நூறு இல்ல. மூணு வாரம் கழிச்சு டெஸ்ட் பண்ணிப் பாத்தாதான் நிச்சயமாத் தெரியும். அதுவரைக்கும் வேற பாதுகாப்பு இல்லாம சேராதீங்க."

சேர்வதா? அந்த ஆளின் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

சாயங்காலம் அவரை மாடிப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். பாப்பாவிடம் உடனே சொல்லியாக வேண்டும் என்றேன். அவர் கைப்பிடிக் கம்பியில் உரிந்த பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"பாப்பாகிட்ட சொன்னா அம்மாவுக்குத் தெரிஞ்சுடும்."

"தெரிஞ்சா?"

"எதுக்கு வீணா? நான் ஒண்ணு யோசிச்சேன். அந்த டப்பா சும்மாதானே இருக்கு? அதை அலமாரியில வெச்சுடுவோம். அடுத்த தடவை அம்மா அதை எடுத்துக் குடுப்பாங்க. பாப்பாவுக்கும் நிஜமான சத்து போயிடும். எல்லாம் தன்னால சரியாயிடும். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம்."

"அவ உன் தங்கச்சிதானே? மாசாமாசம் அந்த வீட்டுல குத்தவாளி மாதிரி தலைகுனிஞ்சு நிக்கறா. அவ தலையெழுத்தை டப்பா மாத்தி வெச்சு சரி பண்ணப்போறியா? உங்க அம்மா முன்னாடி 'எங்களுக்கு இப்ப ரெண்டாவது வேண்டாம்மா'ன்னு ஒரு வாக்கியம், ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தா இதெல்லாம் நடக்குமா?"

"கத்தாதே, கீழ்வீட்டுல கேக்கும்."

"கேக்கட்டும்!" என்று கத்தினேன். கீழ்வீட்டில் கதவு திறந்து, அவசரமாக மூடிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை பாப்பா வருகிறாள், எல்லார் முன்னாலும் போட்டு உடைக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். மூன்று வருஷத்துப் பொய்யை உடைக்கப்போகிறோம் என்பதில், சொல்லக் கூடாது, கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பாப்பா மாப்பிள்ளையோடு வந்தாள். மாப்பிள்ளை இல்லாமல் அவள் இந்த வீட்டுக்கு வந்ததில்லை. இரண்டு நிமிஷம் கண்ணில் படாவிட்டால், "பாப்பா எங்க?" என்று கேட்பார். பாசம் என்று என் மாமியார் பூரித்துப்போவார். எல்லார் முன்னாலும் உடைப்பதற்கு முன், அவளிடம் தனியாகச் சொல்லிவிடுவது நியாயம் என்று பட்டது. துணி எடுத்துவரலாம் வா என்று மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனேன்.

ஆளுக்கு ஒரு முனையாகப் படுக்கை விரிப்பைப் பிடித்து மடித்துக்கொண்டே சொன்னேன். சொல்லி முடிக்கும்போது என் குரல் உடைந்துவிட்டது. அவள் தன் முனையைக் கொண்டுவந்து என் கையில் சேர்த்தாள்.

"எனக்குத் தெரியும் அண்ணி."

"என்ன தெரியும்?"

"அது என்ன மாத்திரைன்னு. முதல் அட்டை குடுத்தப்பவே பின்னாடி இருந்த பேரை ஃபோன்ல தேடிப் பாத்துட்டேன். அம்மாகூட ஆஸ்பத்திரிக்குப் போனப்ப நர்ஸ்கிட்ட தனியா, எனக்கு ஒத்துக்குமான்னும் கேட்டுட்டேன்."

எனக்கு உடைந்த குரலெல்லாம் ஒரு நொடியில் ஒட்டிக்கொண்டது. "தெரிஞ்சேதான் எடுத்தியா? என்னுதுன்னு தெரிஞ்சும்? உன்னால இன்னிக்கு நான் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு நிக்கறேன், தெரியுமா உனக்கு?"

அவள் முகம் வெளிறியது. "ஐயோ. நீங்க வேற வாங்கிக்குவீங்கன்னு நெனச்சேன் அண்ணி. சத்தியமா. நீங்க தனியா வெளியே போறீங்க, வர்றீங்க. எனக்கு அது முடியுமா?"

"கேட்டிருக்கலாம்ல என்கிட்ட?"

"எங்க வெச்சுக் கேக்கறது? ஃபோன்ல பேசினா பக்கத்துல நிப்பாரு. கைப்பையை தினமும் கொட்டிப் பாப்பாரு. முதல் தடவை இந்த அட்டையைப் பாத்துட்டு இது என்னன்னாரு. எங்க அம்மா குடுத்த சத்து மாத்திரைன்னேன். அன்னிலேர்ந்து என் மாமியாரே தண்ணியும் கையுமா வந்து நிக்கறாங்க. மறக்காம போடும்மான்னு."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, வந்ததற்காக என்மேலேயே எரிச்சலும் வந்தது. அவள் சிரித்துக்கொண்டே அழ ஆரம்பித்தாள்.

"ஒரு குழந்தை வந்துட்டா அந்த வீட்டுலேர்ந்து நான் வெளிய வரவே முடியாது. அதுக்கு முன்னாடி எனக்குன்னு ஒரு வேலை, ஒரு வழி பாத்துக்கணும். அதுவரைக்கும் அம்மாகிட்ட சொல்லிடாதீங்க அண்ணி. அவங்களுக்குத் தெரிஞ்சா அன்னிக்கே மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சுடும்."

சொல்லாதே. அண்ணன் சொன்ன அதே வார்த்தை. அவர் சொன்னபோது அறையலாம் போலிருந்தது. இவள் சொன்னபோது நான் என்ன செய்வது? யாரை அறைவது? உடைக்கப்போகிறேன் என்று கொண்டுவந்த பானையை, உடையாமல் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு கீழே இறங்க வேண்டியதாயிற்று.

"உன் அண்ணன்கிட்ட மட்டும் சொல்லியே ஆகணும். இல்லன்னா மாத்திரையை மாத்தி வெச்சுடுவாரு."

"அண்ணன்கிட்டதானே? சொல்லுங்க" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவன் எப்படியும் வாயே திறக்க மாட்டான்."

கீழேயிருந்து குரல் வந்தது: "பாப்பா எங்க?"

மறுநாள் விடுப்பெடுத்துக்கொண்டு கணவரை அதே ரயில் நிலையக் கடைக்கு இழுத்துப்போனேன். வழியில் பாப்பா சொன்னதைச் சொன்னேன். அவர், "கைப்பையைக் கொட்டிப் பாக்கறானா?" என்று கேட்டார். கடை வாசலில் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தார். மாத்திரையின் பெயரை எழுதி வைத்திருந்தார். நான் அதைப் பிடுங்கிக் கிழித்தேன்.

"வாயால கேளு."

"எல்லாரும் நிக்கறாங்க."

"அவங்களுக்காக நான் பெத்துக்க முடியாது. கேளு."

அவர் கல்லாவுக்கு முன்னால் போய் நின்றார். தொண்டையைச் செருமினார். பதற்றத்தில் மனிதருக்கு வேறு குரல் வரவில்லை. தினமும் ஒலிபெருக்கியில் பேசுகிற குரல் வந்துவிட்டது. "கருத்தடை மாத்திரை. மூன்று மாதத்துக்கு." நிறுத்தி நிதானமாக, அட்சரம் பிசகாமல். கடை முழுக்கத் திரும்பியது. வெளியே பெட்டியோடு போய்க்கொண்டிருந்த ஒருவர் அண்ணாந்து ஒலிபெருக்கியைப் பார்த்தார். கல்லாவிலிருந்த பெண் சாதாரணமாக எடுத்துக் கொடுத்தாள். உலகம் இடிந்து விழவில்லை. இதற்குத்தான் மூன்று வருஷம்!

அந்த அட்டைகளைப் பெட்டியிலிருந்து உருவி, சிரிக்கிற குடும்பம் போட்ட தகர டப்பாவுக்குள் போட்டு அலமாரியில் வைத்தேன். டப்பாவிலிருந்த நிஜச் சத்து மாத்திரைகளை ஒரு பாட்டிலில் கொட்டிக் கணவர் தலைமாட்டில் வைத்தேன். தினமும் ஒன்று அவர்தான் விழுங்குகிறார். யாருக்குத் தெம்பு வேண்டுமோ அவர் சாப்பிடட்டும்.

அந்த மூன்று வாரமும் நான் எப்படி வண்டி ஓட்டினேன் என்று எனக்குத்தான் தெரியும். டீசல் வாடை அடித்தால் குமட்டுகிறதா என்று பார்ப்பேன். பசித்தால் பயம், பசிக்காவிட்டால் பயம். ஒரு நாள் துளி ரத்தம் பட்டது. அது அவசர மாத்திரை செய்த வேலையாகவும் இருக்கலாம் என்று டாக்டரம்மா முன்பே எச்சரித்திருந்ததால் அதையும் நம்ப முடியவில்லை. பாஸ் ஜன்னலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். ஒன்றல்ல, பல தடவை. கேட்டுக்கொள் என்று விட்டுவிட்டேன். பயம் முழுக்க என் உடம்பில், அவருக்கு வெறும் மன்னிப்பு. நல்ல பங்கீடு!

டிப்போ கழிப்பறையில்தான் பார்த்தேன். கண்டக்டர் அக்கா வெளியே கதவுக்குக் காவல் நின்றார். ஒரே ஒரு கோடு. இன்னும் கொஞ்சம் காத்திருந்து பார்த்தேன், ஒரு கோடுதான். இல்லை. தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நிம்மதிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த அழுகையில் பாதிக்கு மேல் கோபம். ஒரு ஆண் ஒரு வார்த்தை சொல்லக் கூச்சப்பட்டதற்கு நான் மூன்று வாரம் செத்துப் பிழைத்திருக்கிறேன்.

அன்றே டாக்டரம்மாவிடம் போய், அலமாரியிலிருந்து யாரும் எடுத்துக் கொடுக்க முடியாத ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. மேல்கையில் தோலுக்கடியில் தீக்குச்சியளவு ஒரு குச்சி. சில வருஷத்துக்குத் தாங்கும், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம் என்றார். வைத்துக்கொண்டு கட்டோடு வீட்டுக்கு வந்தேன்.

மாமியார் மேசைக்குச் சாப்பாட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். கணவர் உட்கார்ந்திருந்தார். "கையில என்னம்மா கட்டு?" என்றார் மாமியார்.

"குழந்தை உண்டாகாம இருக்க ஊசிக்குச்சி வெச்சுக்கிட்டேன் அத்தை. எனக்கு ரெண்டாவது வேண்டாம்."

கரண்டி பாத்திரத்தில் விழுந்தது. மாமியார் என்னைப் பார்த்தார், பிறகு மகனைப் பார்த்தார். "என்னடா சொல்றா இவ? உனக்குத் தெரியுமா?"

நானும் அவரைப் பார்த்தேன். இந்த முறையும் வாயை மூடிக்கொண்டிருந்தால் சத்தியமாக மகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பேன். அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டையைச் செருமினார்.

"தெரியும்மா. அவளுக்கு வேண்டாம். எனக்கும் வேண்டாம்."

மாமியாருக்கு முகம் சிவந்துவிட்டது. ஒரு வீட்டில் ஒற்றைப் பிள்ளை போதுமா என்றார், நாளைக்கு அதற்கு யார் துணை என்றார். என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா என்றார். நான் எதற்கும் மறுப்பு சொல்லவில்லை, பின்வாங்கவும் இல்லை. கடைசியில் ஆத்திரம் தாங்காமல் அலமாரியைத் திறந்து அந்தத் தகர டப்பாவை எடுத்து மேசைமேல் ணங்கென்று வைத்தார்.

"அப்ப இது எதுக்கு? பிள்ளையே வேண்டாங்கறவளுக்குச் சத்து மாத்திரை எதுக்கு?"

கணவருக்குப் புரையேறியது. நான் அவருக்குத் தண்ணீரை நகர்த்திவிட்டு, டப்பாவை மாமியார் பக்கம் தள்ளினேன்.

"எனக்கு எதுக்கு அத்தை? எல்லாத்தையும் பாப்பாவுக்கே குடுங்க. ஒரு நாள்கூட விடாம போடச் சொல்லுங்க."